கெண்டைக்காலும் ஒரு கேசட்டும்

உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டியதற்காக அடி வாங்காதவர்கள் நம் வயதுக்காரர்களில் யாராவது உண்டா? என் தொடையில் விழுந்த கிள்ளுக்கு அளவே இல்லை. இப்போது ஐம்பதை நெருங்கும்போது அந்தக் கால் என்னைப் பழி வாங்குகிறது. பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ பல் டாக்டர் வாசலிலோ பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். எழுந்து நாலு எட்டு வைத்தால்தான் அடங்கும். டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். ஒரு கேசட்டைத் துரத்திக்கொண்டு ஓடிய நாளிலிருந்து என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார். உங்களிடம் சொல்லலாம். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு டேப்ரெக்கார்டர் இருந்திருக்கும்.

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தொண்ணூறுகளின் தொடக்கம். ஊரில் பாதி வீடுகளில் ஆம்பளை வாசனையே கிடையாது. வெளிநாட்டில் இருப்பவரைச் சபராளி என்போம். எங்கள் தெருவில் வீட்டுக்கொரு சபராளி. என் அத்தா, அதாவது அப்பா, சவுதியில் பாலைவன ஓரத்தில் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக். அவர் போகும்போது எனக்கு ஒன்பது வயது. நான் சொல்லப்போகும் மழைக்காலத்தில் பன்னிரண்டு. அக்ரிமெண்ட் முடிய இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. கொல்லைப்பக்கம் அவர் அனுப்பிய பணத்தில் இரண்டு அறைகள் எழும்பி, கூரைக்காகக் காத்துக்கொண்டு நின்றன. மழை பெய்தால் அதற்குள் தவளை குடித்தனம் பண்ணும்.

எங்கள் வீட்டில் எதற்கும் அத்தாவிடம் கேட்க வேண்டும். கேட்பது என்றால் கேசட்டில் பேசிக் கேட்பது. யாராவது பயணம் போகும்போது கொடுத்தனுப்ப வேண்டும். அங்கே அவர் போட்டுக் கேட்டு, பதில் பேசி, இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். சராசரியாக இரண்டு மாதம். தம்பிக்கு முடி இறக்கவும் இப்படித்தான் கேட்டோம். பதில் வருவதற்குள் அவன் பேன் எடுத்து எடுத்து மண்டையைப் புண்ணாக்கிக்கொண்டான்.

ஆற்றில் தண்ணீர் வந்த மாதம், பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே என்று பெரிய டீச்சர் அறிவித்தார். நான் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கேசட்ல கேளு. அத்தா சரின்னா சேரு" என்றாள் அம்மா.

"வகுப்பு திங்கக்கிழமை ஆரம்பிக்குதும்மா."

"அப்ப அடுத்த திங்கக்கிழமை ஒண்ணு வராமயா போயிடும்?"

எனக்குப் பொறுமை அப்போதும் கிடையாது. ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிச் சேர்ந்துவிட்டேன். பாவாடையோடு கால் தூக்க முடியாது. அத்தா விட்டுப்போன பைஜாமா ஒன்று பீரோவின் அடியில் அந்துருண்டை வாசனையோடு கிடந்தது. இடுப்பில் கயிறு கட்டி, கால்பக்கம் நாலு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டேன். மாலையில் அதைப் புத்தகப் பையின் அடியில் சுருட்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். என் கணக்கு நோட்டு முழுக்க அந்துருண்டை வாசனை.

மாஸ்டர் என்றதும் தாடி வைத்த பெரியவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு வயதுப் பையன். விசாவுக்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தவன். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று எங்களுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்க வந்தான். மதில் பக்கம் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் போதும். இச்சி, நி, சான் என்று எண்ணிக்கொண்டிருப்பவன் அப்படியே நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கப் போய்விடுவான். நாங்கள் பன்னிரண்டு பெண்கள் முட்டியை மடக்கி, காலை அகட்டி, இல்லாத குதிரையின் மேல் உட்கார்ந்தபடி அவனுக்காகக் காத்திருப்போம்.

அந்தக் குதிரை நிலையை இப்போது நினைத்தாலும் தொடை சுடுகிறது. முதல் நிமிஷம் சுலபம். இரண்டாவது நிமிஷம் தொடையில் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். மூன்றாவது நிமிஷம் கால் தன்னால் ஆட ஆரம்பிக்கும். நிறுத்தப் பார்த்தால் அதிகமாகும். பக்கத்தில் நிற்பவளின் பற்கள் கூடக் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும்.

"பயப்படாதீங்க" என்பான் மாஸ்டர். "தொடைக்கு முன்னாடி ஒரு சதை, பின்னாடி ஒரு சதை. முன்னாடி இருக்கறது இழுக்கும்போது பின்னாடி இருக்கறது விட்டுக் கொடுக்கணும். உங்களுக்கு ரெண்டும் ஒரே நேரத்துல இழுக்குது. அதான் ஆட்டம். பழகப் பழக சண்டை நின்னுடும்."

உதைக்கும்போது இன்னொன்று சொல்வான். "முன்கூட்டியே இறுக்காத. கால் துவண்டு கெடக்கணும். அடிக்கற நொடியில மட்டும் இறுகணும், உடனே விட்டுடணும். இறுக்கிக்கிட்டே உதைச்சா வேகமும் வராது, சதையும் பிடிச்சுக்கும்." எனக்கு இறுக்கத்தான் தெரிந்தது. விடுவதற்கு வரவேயில்லை.

வகுப்பு முடிந்து பள்ளிக்கூடப் படியில் இறங்கும்போது முட்டி மடங்கி விழப்போவேன். விடியற்காலையில் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டு இழுக்க, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று தொழும்போது, நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதிலிருந்து எழுந்த என் காலைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டாள். பாவாடை விளிம்பு காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததுதான் தாமதம், என் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா இப்படி ஆடுது?"

"தெரியலம்மா."

அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் குச்சியாகிவிட்டிருந்தது. அம்மா அவளைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் தலையைத் தொட்டு ஏதோ ஓதுவாள். அந்த முகம் இப்போது என் காலைப் பார்த்தது. நான் அப்போதே கராத்தே என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வகுப்பு போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

டவுன் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் என்னை உயரமான ஸ்டூலில் உட்காரவைத்து ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். இரண்டு மாதமாக உதைத்துப் பழகிய கால் பாய்ந்தது. அவர் கையிலிருந்த சுத்தியல் எகிறி மருந்துத் தட்டில் விழுந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நரம்பு ரொம்ப வேகமா இருக்கும்மா. இது நல்லதில்ல. தஞ்சாவூர்ல பெரிய டாக்டர்ட்ட காட்டிடுங்க."

அந்த வயதில் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா திரும்பி வரும் பஸ் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். தஞ்சாவூர் போவதா வேண்டாமா என்றும் அத்தாவைத்தான் கேட்க வேண்டும்.

அதிலும் ஒரு வேடிக்கை. அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் என் கால் ஆட்டம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. குதிரை நிலையில் அசையாமல் ஐந்து நிமிஷம் நின்றேன். மாஸ்டர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். பைஜாமாவின் நாலு மடிப்பு மூன்றாகியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அம்மாவுக்கோ என் கால் ஆடினாலும் பயம், ஆடாவிட்டாலும் பயம்.

ஐப்பசியில் அடுத்த தெரு மாமா ஒருவர் விடுமுறை முடிந்து திரும்பப் போவதாகச் செய்தி வந்தது. அவர் அத்தா இருந்த ஊருக்கே போகிறவர். ஊரே அவர் வீட்டுக்கு ஊறுகாய், வடகம், கேசட் என்று தூக்கிக்கொண்டு ஓடியது. அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேசட் பதிவு செய்தாள். நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். முதலில் எப்போதும் போலச் சலாம், நலம் விசாரிப்பு, மழை, தம்பியின் மார்க்கு. பிறகு டேப் ஓடுகிற சத்தம் மட்டும் வெகு நேரம் கேட்டது.

"புள்ளைக்குக் கால் போயிடும் போல இருக்குங்க" என்றாள் அம்மா. "ஒத்தையா எனக்கு ஒண்ணும் முடியல. நீங்க வந்து பாருங்க. வந்துடுங்க."

அம்மா அழுது நான் அதுவரை கேட்டதில்லை. நியாயமாக நான் கதவைத் தட்டியிருக்க வேண்டும். எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அத்தா வரப்போகிறார். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த இரண்டு நாள், அம்மா பார்க்கிற நேரமாகப் பார்த்து, நன்றாக இருந்த காலை வேண்டுமென்றே இழுத்து இழுத்து நொண்டி நடந்தேன்.

மூன்றாம் நாள் மாமா புறப்படுகிற நாள். சாயங்காலம் கார், மயிலாடுதுறை போய் மெட்ராஸ் ரயில். வகுப்பில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"என்ன, காலுல சக்கரம் கட்டியிருக்கா?" என்றான் மாஸ்டர்.

"எங்க அத்தா வரப்போறாங்க மாஸ்டர்!"

"லீவு கெடைச்சிருச்சா?"

"இல்ல. எனக்குக் கால் சரியில்லன்னு அம்மா கேசட்ல சொல்லிட்டாங்க. இன்னிக்கி மாமா எடுத்துட்டுப் போறாங்க."

அவன் என் காலைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

"ஏ லூசு. அக்ரிமெண்டுக்கு நடுவுல வந்தா கேன்சல்தான். திரும்பப் போகவே முடியாது, தெரியுமா? ஒரு விசாவுக்கு நான் ரெண்டு வருஷமா ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கறேன். உனக்குக் காலுக்கு என்ன கேடு?" அவன் மதில் வாசலைக் கை காட்டினான். "போ. ஓடிப்போய் அந்தக் கேசட்டை வாங்கு."

கேன்சல் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கேன்சலில் வந்தவர்கள் கடைத்தெருவில் வெள்ளைச் சட்டையோடு சும்மா நிற்பார்கள். எனக்குக் கூரையில்லாத இரண்டு அறையும் அதில் இருக்கும் தவளையும் கண்ணில் வந்தன. பைஜாமாவோடேயே ஓடினேன்.

மாமாவின் தெருமுனைக்கு வந்தபோது வழியனுப்பும் துஆ ஓதி முடிந்து கார் நகர்ந்துவிட்டது. வாசலில் நின்றவர்களின் முதுகு தெரிந்தது, அதில் அம்மாவின் முதுகும் ஒன்று. காரின் பின்பக்கம் எனக்குக் கூப்பிடு தூரம்தான். ஆனால் கூப்பிட முடியாது. பயணம் புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் போன காரியம் முறியும், ஆளுக்கே ஆகாது என்பார்கள். பயணம் புறப்பட்டு வீடு வந்து சேராதவர்களின் கதை எங்கள் ஊரில் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டிருப்பார். தொண்டை வரை வந்த 'மாமா'வை விழுங்கிக்கொண்டேன்.

முன்னால் போய் நின்றுவிட்டால் பின்னாலிருந்து கூப்பிட்டதாகாது. கார் கடைத்தெருவைச் சுற்றி, ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் வெண்ணாற்றுப் பாலத்துக்கு வர வேண்டும். வயல் வழியே போனால் பாதி தூரம். வாய்க்காலைத் தாண்டி வரப்பில் இறங்கினேன். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பெல்லாம் வழவழ சேறு. நடவுப் பெண்கள் நிமிர்ந்து, "யார் வூட்டுப் புள்ள, இப்படிக் கண்ணு மண்ணு தெரியாம ஓடுது" என்றார்கள். வழுக்கிவிடக் கூடாதே என்று கட்டைவிரலால் சேற்றைக் கவ்வி, கால் முழுவதையும் இறுக்கி இறுக்கி ஓடினேன். மாஸ்டர் சொன்னது எதுவும் அப்போது ஞாபகம் வரவில்லை.

பாலத்துக்கு முன்னால் ரோட்டு மேட்டில் ஏறி நின்றேன். கார் வந்துகொண்டிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு கையையும் விரித்தேன். அந்த நொடியில் வலது கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. சதை மேலே ஏறிக் கொய்யாக்காய் அளவுக்கு உருண்டு நின்றது. பாதம் தானாகக் கீழ்நோக்கி வளைந்து விறைத்தது. ரோட்டில் விழுந்து அலறினேன்.

கார் நின்றது. புறப்பட்டவர் பாதி வழியில் இறங்கவும் கூடாது. மாமா அதையும் பார்க்காமல் இறங்கி ஓடிவந்தார். அத்தர் வாசனையோடு என் பக்கத்தில் குந்தினார். அத்தாவின் பைஜாமாவுக்குள் திருகிக்கொண்டு நின்ற என் காலைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்தார்.

"யா அல்லா! கட்டையா இருக்கே!"

"கேசட்டு" என்றேன். வலியில் மூச்சு வரவில்லை. "மாமா, கேசட்டு... குடுங்க..."

"குடுக்கறேன்மா. உங்க அத்தா கையில நேரா குடுக்கறேன்" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "கேசட்டுல சொன்னதோட, நான் கண்ணால பாத்ததையும் சொல்றேன். நீ அழுவாத."

"இல்ல மாமா, வேணாம்" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. டிரைவர் ரயிலுக்கு நேரமாகிறது என்று ஹாரன் அடித்தார். வயலிலிருந்து ஓடிவந்த நடவுப் பெண் ஒருத்தியிடம் என்னை ஒப்படைத்துவிட்டு மாமா காரில் ஏறினார். கார் பாலத்தில் ஏறியது. அந்த அம்மாள் சேற்றுக் கையால் என் கட்டைவிரலைப் பிடித்து, பாதத்தை முகத்துப் பக்கமாக ஓங்கி ஒரு மடக்கு மடக்கினாள். சதை மெதுவாக இளகிக் கீழே இறங்கியது.

"கொரக்களி பாப்பா. நாளு முச்சூடும் சேத்துல நிக்கறோமே, எங்களுக்குத் தெனம் வரும். இதுக்குப் போயா அந்த பாய் அவ்வளவு அழுவுறாரு?"

நான் எழுந்து நின்றேன். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார் அக்கரையில் புள்ளியாகிவிட்டது.

அம்மாவிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொன்னேன். நொண்டியதை மட்டும் சொல்லவில்லை. அவள் அடிக்கவில்லை. பையிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாள். மறுநாள் காலை தபாலாபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றோம். அத்தாவைக் கூப்பிட போன் நம்பர் கிடையாது. எப்போதாவது அவராக டவுனுக்கு வந்து கடை போனில் பேசினால் உண்டு. அதனால் தந்தி. 'மகள் நலம், வர வேண்டாம்' என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பினார்கள். அம்மா பெருமூச்சு விட்டாள். எனக்குக் கூட நெஞ்சு லேசானது.

நம் ஊர்த் தந்தியின் பாஷை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே? 'சீரியஸ்' என்று வந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். 'நலம், வர வேண்டாம்' என்று வந்தால்? அங்கே அத்தா கேசட்டைப் போட்டு அம்மா அழுவதைக் கேட்டார். கண்ணால் பார்த்த மாமா பக்கத்தில் உட்கார்ந்து கால் கட்டையாகக் கிடந்ததைச் சொன்னார். அதற்கு இரண்டாம் நாள் தந்தி கிடைத்தது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் தந்தியைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்களாம். எதையோ மறைக்கிறார்கள், உடனே போ என்றார்களாம். அத்தா அன்றைக்கே கேன்சல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், லேசான தூறலில், மதியச் சோற்று நேரத்துக்கு வாசலில் கார் வந்து நின்றது. வழக்கமாகச் சபராளி வந்தால் காரின் மேல் பெட்டி பெட்டியாக இருக்கும். அத்தாவின் காரில் ஒரே ஒரு பெட்டியும், துணி சுற்றிய நீளமான கட்டு ஒன்றும் இருந்தன. தெருவே கூடியது. நான் வாசற்படியில் நின்றேன். இரண்டு காலில், நேராக.

அத்தா என் பாதத்திலிருந்து பார்க்க ஆரம்பித்து மேலே வந்தார். என் முகத்துக்கு வர வெகு நேரம் ஆனது. அவருக்குத் தாடி நரைத்திருந்தது. அது எங்களுக்கு வந்த எந்தப் போட்டோவிலும் இல்லை. அம்மா பின்னாலிருந்து கராத்தே, பைஜாமா, கொரக்களி என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து என் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். அது நல்ல கெட்டியாக இருந்தது.

"நடக்கறியாம்மா?"

"நடக்கறேன் அத்தா. ஓடக்கூட ஓடுவேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் துணிக்கட்டைப் பிரித்தார். கக்கத்தில் வைத்து ஊன்றி நடக்கும் கட்டைகள் ஒரு ஜோடி, பளபளவென்று அலுமினியத்தில். பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள். பொத்தானை அழுத்தி இழுத்தால் உயரம் கூடும். அந்தக் கட்டைகள் வெகு காலம் வீட்டில் கிடந்தன. அத்தாவே தன் கடைசி இரண்டு வருஷம் அவற்றை ஊன்றித்தான் நடந்தார். கூரை போடாத அறைகளைச் சுற்றித்தான் நடப்பார். ஒரு தடவை கூட அந்த அறைகளின் சுவரை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கொஞ்சம் பக்கத்துல வந்து நில்லும்மா."

நின்றேன். ஒரு கட்டையை எடுத்து என் பக்கத்தில் நிறுத்தினார். அங்கேயே, தன் மனசில் இருந்த என் உயரத்துக்கு அளவு வைத்துப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதன் தலை என் கக்கத்துக்கு வரவில்லை. விலா எலும்பின் அடியிலேயே நின்றுவிட்டது. அத்தா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொத்தானை அழுத்தி ஒரு துளை ஏற்றினார். எட்டவில்லை. இன்னொன்று. இன்னொன்று. ஆறாவது துளையில்தான் எட்டியது.

"நீ இவ்வளவுதான் இருப்பேன்னு நெனச்சுட்டேன்மா" என்று, முதலில் பூட்டியிருந்த துளையில் விரலை வைத்துக் காட்டினார். பிறகு மழையிலேயே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு வகுப்பு இல்லை, உதை இல்லை, குதிரை நிலை இல்லை. ஆனாலும் என் இரண்டு காலும் கிடுகிடுவென்று ஆடின. அம்மா பார்த்தாள், குந்தி என் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.